பத்திரிகையில் அச்சாகாத நேரம்

திருவனந்தபுரத்து நாயர் வீட்டுக் கல்யாணத்தை முதல் தடவை படமெடுக்கப் போகும் பையன் அதன் வேகத்தைப் பார்த்து ஆடிப்போவான். மாப்பிள்ளை கதிர்மண்டபத்தை வலம்வந்து உட்காருவார். தட்டேந்தும் பெண்களின் தாலப்பொலியோடு பெண் வருவாள். நாதஸ்வரம் உச்சத்துக்கு ஏறும். தாலி, மாலை, புடவை கொடுத்தல், அப்பா மகள் கையைப் பிடித்துக் கொடுத்தல், மூன்று சுற்று. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்து, கூட்டத்தில் பாதி சத்யா விருந்துக்கு இலை பிடிக்கப் போயிருக்கும். அதே ஊரில் கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களில் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் என்று முகூர்த்தத்துக்கு முன்பே காலைப்பொழுது கரைந்துவிடும். பாளையம் தேவாலயத்தில் திருப்பலியோடு நடக்கும் கல்யாணத்தில் பாதிரியார் காட்டிய இடத்தை விட்டு நகரக்கூடாது. பீமாபள்ளிப் பக்கம் நிக்காஹ் நடக்கும் கூடத்தில் பெரும்பாலும் பெண்ணே இருக்கமாட்டாள். அவளுடைய தகப்பனாரும் மாப்பிள்ளையும் கைகோத்துச் சொல்லும் சில வார்த்தைகள்தான் கல்யாணம்.

இவை அத்தனையையும் ஒரே மாதத்தில், சில வாரம் ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையும் மாலையுமாக, எடுத்துப் பழகியவன் நான். அந்தந்த நேரத்தில் தானாக அமைவதைப் பிடிப்பதுதான் கல்யாணப் படம் என்று இன்றைய பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கும் அதே நம்பிக்கைதான். ஆனால் தானாக அமைவது எப்படி அமைகிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

1983-ல் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலாளி நாகர்கோவில் பக்கத்துக்காரர்; எங்களுக்கு அண்ணாச்சி. முதல் வருஷம் கேமராவைத் தொடவிடவில்லை. பேட்டரிப் பெட்டி தூக்குவது, குடை பிடிப்பது, இருட்டறையில் ஹைப்போ கரைப்பது. ஆனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முந்தின நாள் சாயங்காலம் என்னை வெறுங்கையோடு அந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார். "போயி சும்மா இருந்துட்டு வா மக்கா. யாருக்கு யாரு என்ன முறைன்னு பாத்து வச்சுக்கோ" என்பார். போய்க் காய்கறி நறுக்குகிற இடத்தில் உட்காருவேன். திரும்பி வந்ததும் விசாரணை நடக்கும். பெண்ணுக்குத் தாய்மாமன் எத்தனை பேர்? பாட்டிக்குக் கண் தெரியுமா? ஒருத்தரோடு ஒருத்தர் பேசாத பங்காளிகள் யார்? வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவன் யார், லீவு கிடைக்காமல் வராதவன் யார்?

கடைசிக் கேள்விதான் அவருக்கு முக்கியம். எண்பதுகளில் இந்த ஊரில் பாதி வீட்டு ஆல்பங்கள் மஸ்கட்டுக்கோ துபாய்க்கோ போகும். தங்கை கல்யாணத்துக்குப் பணம் அனுப்பிய அண்ணன் கல்யாணத்துக்கு வரமுடியாமல் அங்கே உட்கார்ந்திருப்பான். வரிசையில் நிற்கும் உறவினர் முகத்தை எல்லாம் அவன் பிறந்ததிலிருந்து பார்த்தவன். தன் இடத்தில் யார் விளக்கு பிடித்தார்கள், அம்மா அழுதாளா, அப்பா எந்தத் தூணில் சாய்ந்து நின்றார் என்பதே அவனுக்கு வேண்டும். "வராதவனுக்காகப் படம் எடு" என்பார் அண்ணாச்சி. யாருக்காக எடுக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் எங்கே திரும்பவேண்டும் என்று கழுத்துக்குத் தானே தெரிந்துவிடும்.

அப்போது எங்களிடம் இருந்தது யாஷிகா மேட் 124ஜி. 120 ஃபிலிமில் 12 படம். ஃபிளாஷ் ஒருமுறை அடித்தால் மறுபடி சார்ஜ் ஏறப் பல விநாடிகள் ஆகும். பேட்டரி இறங்கியிருந்தால் இன்னும் கூட. ஆகவே தாலி கட்டும்போது ஒரே ஒரு படம்தான். அதைத் தவறவிட்டால் தவறியதுதான். தாலியைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு அந்தப் படம் கிடைக்காது. அவன் கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் சுற்றியுள்ள பெண்டுகளின் கைகள் மறைத்துவிடும். அண்ணாச்சி எனக்குக் காட்டியது சாஸ்திரிகளின் கையை. மந்திரம் முடியும் இடத்தில் அவர் மேளக்காரரைப் பார்த்து விரலை உயர்த்துவார். தவில்காரர் கெட்டிமேளத்துக்குக் குச்சியை ஓங்குவார். மாப்பிள்ளையின் முழங்கைகள் விரியும். கெட்டிமேளம் காதில் விழும் முன்பே உன் விரல் பாதி அழுத்தியிருக்க வேண்டும். ஐயர் வீடுகளில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவாள். அவள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாள் என்பதை முன்பே பார்த்துவைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நிற்கவேண்டும். நாயர் வீட்டில் மந்திரம் சொல்ல ஆளில்லை, நாதஸ்வரத்தின் ஏற்றம்தான் அடையாளம். தேவாலயத்தில் சம்மதம் கேட்கும் கேள்வி.

அந்தக் கேமராவுக்கு இன்னொரு குணமும் உண்டு. எடுப்பவன் தலைகுனிந்து, இடுப்பளவில் தொங்கும் கண்ணாடியைத்தான் பார்ப்பான். ஒருவன் தன்னையே உற்றுப் பார்க்கிறான் என்ற கூச்சம் எதிரில் இருப்பவருக்கு வராது. அதன் ஷட்டரில் சத்தமும் கிடையாது. பிறகு வந்த எஸ்எல்ஆர் கேமராக்களில் கண்ணாடி மேலெழும் சத்தம் கேட்டு, சத்தம் வந்ததும் ஜனங்கள் திரும்பிப் பார்த்து, முகத்தைச் சரிசெய்துகொள்ளப் பழகினார்கள். இப்போது மிரர்லெஸ் வந்து மறுபடி சத்தம் இல்லாமல் எடுக்க முடிகிறது. இடையில் ஒரு தலைமுறையின் முகம் முழுக்க அந்தச் சத்தத்துக்குத் திரும்பிய முகம்.

வேலை இல்லாத நாளில் செக்ரட்டேரியட் பக்கம் சிவன் சாரின் ஸ்டுடியோ வரை நடந்துபோய் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் படங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். 1959-ல் அவர் தொடங்கிய ஸ்டுடியோ. செம்மீன் படத்துக்கு ஸ்டில் எடுத்தவர். சந்தோஷ் சிவனின் தகப்பனார். 2021 ஜூனில் காலமானார். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் மனிதர்கள் எதையாவது செய்துகொண்டே இருப்பார்கள், கேமராவுக்காகக் காத்திருக்கமாட்டார்கள். எனக்கு அதுவே பள்ளிக்கூடம்.

ஹென்றி கார்டியே-ப்ரஸோன் பெயரைப் பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்த பிரெஞ்சுக்காரர். தீர்மானமான அந்தக் கணத்தைப் பற்றி 1952-ல் அவர் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஃபிளாஷ் பக்கமே போகாதவர். அவருடைய படங்கள் எனக்கு உயிர். ஆனால் தெருவில் நடப்பவனுக்கு வரும் கணம் வேறு, கல்யாணத்தில் வரும் கணம் வேறு. எங்கள் தொழிலில் அந்தத் தீர்மானமான கணம் பத்திரிகையிலேயே அச்சாகியிருக்கிறது: காலை 9 மணிக்கு மேல் 10 மணிக்குள். அதை எடுக்கத் தெரியாதவன் இந்தத் தொழிலில் இருக்கவே முடியாது. நான் தேடியது அச்சாகாத நேரத்தை. கெட்டிமேளம் ஓய்ந்து, அட்சதை விழுந்து முடிந்து, எல்லோரும் கையை இறக்கும்போது பெண்ணின் அப்பா மூச்சை விடுவாரே, அது. மாலை மாற்றலில் மாமன்மார் தூக்கிய பெண்ணின் கால் யாருடைய தோளில் ஊன்றியது என்பது. நலங்கில் அப்பளம் உடைக்கும்போது மாப்பிள்ளையின் பாட்டி சிரிப்பை முந்தானையால் மூடுவது.

இதற்கு எனக்குச் சரியான பாடம் கிடைத்த இடம் கிழக்கே கோட்டையில் இருக்கும் நவராத்திரி மண்டபம். ஒவ்வொரு வருஷமும் அங்கே போய் உட்காருவேன். எண்ணெய் விளக்கு, கைதட்டக் கூடாது, பேசக் கூடாது. இன்ன நாளுக்கு இன்ன ராகம், சுவாதித் திருநாளின் இன்ன கிருதி என்று முன்பே விதித்திருக்கிறது: முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி. 2006-ல் பாறசாலை பொன்னம்மாள் பாடும்வரை பெண்கள் அங்கே பாடியதே இல்லை. அந்த அளவுக்கு விதிகள் இறுகிய இடம். அந்த விதிக்குள்ளேதான் பாடகர் மனோதர்மத்தோடு ராகத்தை விரிக்கிறார். எங்கே போனாலும் எங்கே திரும்பி வரவேண்டும் என்று அவருக்குத் தெரியும், அதனால் பயமில்லாமல் போகிறார். சடங்கின் வரிசை என் விரல் நுனியில் இருந்தால்தான் நானும் மேடையை விட்டுவிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் போய் நிற்கத் துணிவேன். வரிசை தெரியாதவன் மேடையை விட்டு நகரப் பயப்படுவான். அவனுக்கு எது தானாக அமையும்?

வலியசாலையில் ஒரு கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் வீட்டில் பெண்ணுக்கு மருதாணி வைத்து முடித்திருந்தார்கள். மின்சாரம் போயிற்று. தெரு முழுக்க இருட்டு. கூச்சல், குழந்தைகளின் அழுகை. பெண்ணின் பாட்டி பூஜை அறையிலிருந்து குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு மெல்ல நடந்துவந்து, பேத்தி பயந்துவிட்டாளா என்று முகத்துக்குப் பக்கத்தில் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். மருதாணிக் கை இரண்டையும் எதிலும் படாமல் தூக்கிவைத்துக்கொண்டு பெண் சிரித்தாள். ஃபிளாஷ் என் கையில்தான் இருந்தது, சார்ஜும் இருந்தது. அடித்திருந்தால் விளக்கு அணைந்தது மாதிரிதான். ஃபிளாஷைக் கழற்றிப் பையில் போட்டேன். உள்ளே இருந்தது 400 ஏஎஸ்ஏ கறுப்பு வெள்ளை ஃபிலிம். லென்ஸை எஃப் 3.5 வரை திறந்து, எட்டில் ஒரு விநாடி வைத்து, தூணில் முதுகைச் சாய்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். இருட்டில் கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. சுடரை வைத்துத்தான் ஃபோகஸ். அண்ணாச்சியிடம் சொன்னதும் அந்த ரோலை மட்டும் தனியாக டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்தார். பாட்டியின் கை கொஞ்சம் அசைந்திருந்தது. அந்தக் கை அசைந்திருப்பதுதான் எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது.

எண்பதுகளின் பின்பாதியில் வீடியோ வந்தது. ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கு, அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள், தரையெல்லாம் வயர். பெண்ணின் நெற்றியிலிருந்து பொட்டு உருகி வழியும். சாஸ்திரிகள் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மந்திரம் சொல்வார். விளக்கின் சூட்டைவிட எனக்கு வலித்தது வேறு. அதுவரை கல்யாண வீட்டில் நாங்கள் ஓரத்து ஆட்கள். வீடியோ வந்தபிறகு நாங்கள் ஆணை இடுபவர்கள் ஆனோம். "கொஞ்சம் இருங்க சாமி", "மாலையை மறுபடி போடுங்க", "இந்தப் பக்கம் பாருங்க". ஒரு மண்டபத்தில் தாலி முடிச்சு சரியாக விழவில்லை என்று மாப்பிள்ளையின் கையை மறுபடி தூக்கி வைக்கச் சொன்னார்கள். முகூர்த்தம் முடிந்து ஒரு நிமிஷம் ஆகிவிட்டிருந்தது. அவர் வைத்தார். பெண் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சடங்கைப் படத்துக்காக நிறுத்துவதும் திருப்பிச் செய்யச் சொல்வதும் பாவம் என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். என் கூட வேலைசெய்த எந்தப் பையனையும் அதைச் செய்ய நான் விட்டதில்லை.

டிஜிட்டல் வந்தபோது மனம் குளிர்ந்தது உண்மை. 2004-ல் நிக்கான் டி70 கைக்கு வந்தது. 36 படத்தில் ஃபிலிம் தீர்ந்துவிடும் என்ற கவலை போய், சமையல்கட்டுக்கும் வாசலுக்கும் தாராளமாக ஓட முடிந்தது. ஆனால் சில வருஷத்திலேயே பையன்கள் காத்திருப்பதை மறந்துவிட்டார்கள். சாஸ்திரிகளின் விரலைப் பார்க்க வேண்டியதில்லை. அழுத்திப் பிடித்தால் விநாடிக்கு எட்டுப் பத்துப் படம் விழும், ஏதோ ஒன்று நன்றாக இருக்கும். முழுசாகக் கிடைக்கும், ஆனால் முன்பே தெரிந்து நின்றவனின் படத்தில் இருக்கும் கோணம் அதில் இருக்காது.

அதற்குப் பிறகு ‘கேண்டிட்’ அலை. ‘ட்ரெடிஷனல்’ எடுக்க ஒரு குழு, கேண்டிட் எடுக்க வேறொரு குழு என்று பிரித்து, இரண்டுக்கும் இரண்டு ரேட். தாலியை ஒருவன் எடுப்பான், கண்ணீரை இன்னொருவன் எடுப்பான். சீக்கிரமே கேண்டிட்டும் சொல்லிக்கொடுத்துச் செய்ய வைப்பதாக மாறிவிட்டது. "சேச்சி, ஒருத்தரை ஒருத்தர் பாத்து சிரிங்க, கேமராவைப் பாக்காதீங்க." பார்க்காத மாதிரி பார்க்கச் சொல்வது. 2018-ல் திருச்சூரில் ஒரு இளைஞர் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கி ஒரு ஜோடியைப் படமெடுக்கும் காட்சி நாடு முழுக்கப் பரவியது. அந்தப் பையனின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அன்று எல்லோரும் பார்த்தது படமெடுப்பவரைத்தான், ஜோடியை இல்லை.

சங்குமுகம் கடற்கரையில் ஜோடிகளை எடுக்கும் வேலை எனக்கும் வரும். பின்னால் கானாயி குஞ்ஞிராமனின் சாகரகன்னி சிலை, முன்னால் அதே மணலில் இன்னும் மூன்று ஜோடிகள். ஒரு வாரத்தில் கல்யாணம், ஆனால் பல பேர் அதற்குமுன் தனியாக ஒரு மணி நேரம் பேசியிருக்கமாட்டார்கள். கையைப் பிடி என்றால் மரம் போலாகிவிடுவார்கள். நான் காசு கொடுத்து, "அந்த வண்டியில கப்பலண்டி வாங்கிட்டு வாங்க ரெண்டு பேரும்" என்று அனுப்புவேன். போகும்போது ஒன்றும் இருக்காது. வரும்போது பொட்டலம் யார் கையில், தோலை ஊதியதில் யார் கண்ணில் விழுந்தது, கடைசிக் கடலை யாருக்கு என்று ஏதாவது நடந்திருக்கும். நீண்ட லென்ஸோடு தூரத்தில் நிற்பேன். செய்வதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு விலகிக்கொள்வதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியாது.

இந்த ஊர் நம்மைச் சும்மா விடாது. இடவப்பாதி மழை, துலா மழை, இரண்டும் உண்டு; துலா மாதத்துச் சாயங்கால இடி, புல்வெளியில் போட்ட வரவேற்புப் பந்தலை ஒரு நொடியில் காலி செய்துவிடும். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். முந்நூறு பேர் ஒரு தாழ்வாரத்தில் ஒண்டும்போது பேசாத பங்காளிகள் ஒரே குடைக்குள் வந்துவிடுவார்கள். மழை மேகத்து வெளிச்சத்தைப் போல முகத்துக்கு இதமான வெளிச்சத்தை எந்த விளக்கும் தராது.

ஹர்த்தால் இன்னொன்று. பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி, கல்யாணம் ஆகியவற்றை விட்டுவிடுவார்கள் என்பது வழக்கம். கண்ணாடியில் ‘விவாஹம்’ என்று காகிதம் ஒட்டிக்கொண்டு போவோம். சபரிமலை விவகாரத்தில் 2019 ஜனவரி 3-ல் ஹர்த்தால் நடந்த அன்று கடலோரத் தேவாலயம் ஒன்றில் எனக்குக் கல்யாணம். ஊடுவழியில் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தேன். என் உதவியாள் நெடுமங்காட்டிலிருந்து வர முடியவில்லை. இரண்டாவது கேமரா சும்மா கிடந்தது. பெண்ணின் சித்தி மகன், பன்னிரண்டு வயது இருக்கும், என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தான். "அண்ணா, இதுல எது அமுக்கணும்?" என்று கேட்டான். கேமராவின் அமைப்புகள் எல்லாவற்றையும் ஆட்டோவில் வைத்து அதை அவன் கழுத்தில் மாட்டிவிட்டேன். என்னைப் பார்த்தால் சேலையைச் சரிசெய்யும் அத்தைமார் அவனைப் பார்த்து முகம் கோணிக் காட்டினார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள். அவன் எடுத்தவற்றில் சில ஆல்பத்தில் ஏறின. அந்த முகங்கள் எனக்குக் கிடைத்திருக்காது. அவர்களுக்கு அவன் வீட்டுப் பிள்ளை.

2021 மே மாதம் ஊரடங்கில் கல்யாணத்துக்கு 20 பேர்தான் என்று விதித்திருந்தார்கள். அந்த எண்ணிக்கைக்குள் நானும் ஒருத்தன் என்பதால் தனியாகப் போனேன். பெண்ணின் பாட்டி மார்த்தாண்டத்தில்; களியக்காவிளை எல்லையைத் தாண்டி வர முடியவில்லை. ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பரப்பி, நடுவே போனைச் சாய்த்து வைத்து, அதில் பாட்டியின் முகம். மாப்பிள்ளையும் பெண்ணும் விழுந்து கும்பிட்டார்கள். போனுக்குள்ளிருந்து பாட்டி அட்சதை போடக் கையைத் தூக்கியபோது, இங்கே பெண்ணின் அம்மா தன் கையால் அட்சதை எடுத்துப் போட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை, சாஸ்திரத்திலும் இல்லை. வராதவருக்காகப் படம் எடு என்று அண்ணாச்சி சொன்னதற்கு இப்படி ஒரு நாள் வரும் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர். அதன் வெளிச்சம் முகத்தை நீலமாக்கும், ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். நம் மின்சாரத்தில் எரியும் விளக்குகளுக்கு ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒரு விநாடி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சுவருக்கு மட்டும் ஒவ்வொரு மண்டபத்திலும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். ட்ரோன் கேட்பவர்களிடம் விமான நிலையம், தும்பா, பத்மநாபசுவாமி கோயில் என்று தடைப் பகுதிகளை எண்ணிக்காட்டுவதற்கே நேரம் போகிறது. 2024 செப்டம்பர் 8 அன்று குருவாயூர் கோயிலில் ஒரே நாளில் முந்நூறுக்கு மேற்பட்ட கல்யாணங்கள் நடந்தன. ஒரு ஜோடிக்குச் சில நிமிஷம். அடுத்த ஜோடி படியில் நிற்கிறது. அங்கே எல்லாம் வரிசை மனப்பாடமாகத் தெரிந்தவன் மட்டும்தான் படத்தோடு திரும்புவான்.

கல்யாணம் வைத்திருக்கும் வீட்டார்களிடம் கேட்டுக்கொள்கிறேன். படம் எடுப்பவரை முந்தின நாளே வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஒரு காப்பி கொடுத்து, பாட்டி யார், தாய்மாமன் யார், வர முடியாமல் போனவர் யார் என்று சொல்லுங்கள். தாலி கட்டும் அந்த இரண்டு நிமிஷம் முன்வரிசையில் இருப்பவர்கள் போனை மடியில் வையுங்கள். உங்கள் முகம்தான் எங்களுக்கு வேண்டும். எந்தப் புகைப்படக்காரர் "மறுபடி ஒரு தரம்" என்று சொன்னாலும், அது எவ்வளவு பெரிய கம்பெனி ஆனாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.